இருவர் போட்ட பூட்டு

கனி அண்ணாச்சி மூன்றாவது தடவையும் தட்டிப் பார்த்தார். கணினி நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி மட்டும் தெரிந்தது. கடவுச்சொல் தவறு, இதற்கு மேல் போக முடியாது என்று அது ஆங்கிலத்தில் சொன்னது.

"உங்க பாதியிலதான் தப்பு, சம்மந்தி" என்றார் அலி அஸ்கர் மாமா.

"எம்பாதி எனக்கு மறக்குமா? எங்க கடைச் சரக்குல எது எந்த அடுக்குல இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நீங்க அடிச்சதப் பாருங்க."

"பாக்கதுக்கு அங்கன என்ன தெரியுது? பூராவும் நட்சத்திரமால்லா விழுது."

நானும் ஷம்ஸியா ராத்தாவும் உள்ளறையின் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தோம். ராத்தா எங்கள் தெருவில் எனக்கு அக்கா முறை. வீடு அவளுடையது. கணினியும் அவளுடையதுதான். கணவர் கத்தாரில் இருக்கிறார். அவள் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறாள். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவைச் சுற்றி நடக்கும் கல்யாணங்களில் பாதிக்காவது பத்திரிகை இந்தக் கணினியிலிருந்துதான் போகும். இப்போது தன் கணினியைத் தொட முடியாமல் அவளே திரைக்குப் பின்னால் நிற்கிறாள்.

உள்ளே அடைபட்டிருந்தது என் அக்கா ருக்சானாவின் கல்யாணப் பத்திரிகை.

அலி அஸ்கர் மாமா என் உம்மாவின் தம்பி. வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டுக்காகப் பேசுவது அவர்தான். கனி அண்ணாச்சி மாப்பிள்ளையின் பெரியப்பா. அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். பெண் பார்த்தது, பேசி முடித்தது, மண்டபம் பிடித்தது எல்லாம் இந்த இருவருக்கும் இடையில் சிரித்த முகமாகத்தான் நடந்தது. பத்திரிகையில்தான் முட்டிக்கொண்டது.

பத்திரிகையின் அடியில் 'நல்வரவை நாடும்' என்று போட்டுப் பெரியவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். யார் பெயர் முதலில் வருவது? மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் என்றார் கனி அண்ணாச்சி. வாப்பா இல்லாத பிள்ளைக்கு நான்தான் வாப்பா என்றார் மாமா. ராத்தா ஒவ்வொரு தடவையும் மாதிரியைக் கைபேசியில் அனுப்புவாள். அது இரண்டு ஊர்களிலும் சுற்றி, ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சேர்த்தோ இறக்கியோ திரும்பி வரும். ஒரு நாள் மாமாவின் பெயர் நான்காவது வரிக்குப் போயிருந்தது. அன்று அவர் பேசியதற்குக் கனி அண்ணாச்சி, "இப்படின்னா கல்யாணத்தையே ஒருக்கா யோசிக்கணும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

ராத்தாதான் வழி கண்டுபிடித்தாள். பெயர்களை இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மாமாவின் ஆட்கள் இடப்பக்கம், கனி அண்ணாச்சியின் ஆட்கள் வலப்பக்கம். "தமிழு எடப்பக்கத்துல இருந்துதான மாமா படிக்கது, அப்பம் நீங்கதான் முந்தி" என்று மாமாவிடம் சொன்னாள். "அரபியில பிஸ்மில்லாஹ்வே வலப்பக்கத்துல இருந்துதான அண்ணாச்சி தொடங்குது, முதல்ல நீங்கதான்" என்று கனி அண்ணாச்சியிடம் சொன்னாள். இருவரும் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள்.

அதை யாரும் மாற்றிவிடக் கூடாதே என்ற பயம் பிறகு வந்தது. அம்பாசமுத்திரத்தில் கனி அண்ணாச்சியின் மூத்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க முடியும். அதுவரைக்கும் பத்திரிகை பெண் வீட்டு ஊரில் இருக்கும். மாமா ராத்தாவின் தெருவிலேயே இருப்பவர். கனி அண்ணாச்சி யோசித்தார். எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. இருவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். அவர்கள் ஊரிலும் அப்படித்தான். "அது மாதிரி இதுக்கும் போட்டுருவோம்" என்றார். மாமாவுக்கும் அது நியாயமாகப் பட்டது.

ராத்தாவின் தம்பி சல்மான் ஃபாரிஸ் அப்போது சென்னையிலிருந்து வந்திருந்தான். விண்டோஸ் வந்த பிறகு கேட்கிற பூட்டு கனி அண்ணாச்சிக்குப் போதவில்லை. "பொத்தான அமுக்குன உடனேயே பூட்டு தெரியணும்" என்றார். சல்மான், கணினி உயிர்பெறும்போதே கேட்கிற கடவுச்சொல்லைப் போட வழி செய்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மாமா பாதி அடித்தார். பிறகு அவரும் திரும்பி நிற்க, கனி அண்ணாச்சி மீதி அடித்தார். உறுதிப்படுத்த மறுபடியும் அடித்தார்கள். கைபேசிகளில் இருந்த பழைய மாதிரிகளை எல்லாம் ஒருவர் முன்னால் ஒருவர் அழித்தார்கள். தாளில் ஒரு பிரதிகூட எடுக்க விடவில்லை. அன்றிலிருந்து ராத்தா வேறு யாருடைய பத்திரிகையையும் தொட முடியவில்லை.

இன்று திங்கட்கிழமை. அம்பாசமுத்திரத்தில் சரி என்று சொல்லியாகிவிட்டது. கனி அண்ணாச்சி பஸ் ஏறி வந்துவிட்டார். பூட்டு திறக்கவில்லை.

ராத்தாவின் கைபேசி மணியடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து அச்சகக்காரர் பூதத்தான். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"யம்மா, பைல் எங்க? நாலு மணிக்கு மிஷினக் கழுவிருவோம். பையனுவ பூராவும் பொங்கலுக்கு ஊருக்குப் போறானுவ."

"அனுப்பிருதேன் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். மை காஞ்சுரும்லா? பொங்கலு கழிஞ்சு வந்தியன்னா வரிசைதான். நோன்புக்கு முந்தி முடிக்கணும்னு உங்க ஆளுக கல்யாணம் அத்தனையும் இங்கதான் கெடக்கு."

வைத்துவிட்டார். முன்னறையில் இருவருக்கும் அது கேட்டிருந்தது.

"ஞாபகத்துல இருக்குற பேர வச்சு வேற கம்ப்யூட்டர்ல புதுசா அடிச்சுருவமா?" என்றார் மாமா.

"யாரு ஞாபகத்த வச்சு? ஓம்ம ஞாபகத்த வச்சா? பாதி வார்த்தையவே ஞாபகம் வச்சுக்கத் தெரியல வே உமக்கு."

"வே, கீன்னு பேசாதேரும். நீரு மறந்துட்டு எம்மேல போடுதீரு. இது என்னமோ மறந்த மாதிரி தெரியல. பேர மாத்தணும்னு இருக்குறவரு மறந்துதான் போவாரு."

"யாரு, நானா? அம்பையில இருந்து பஸ் ஏறி வந்து நடிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?"

ராத்தா என் கையைப் பிடித்தாள். "புதுசா அடிச்சா சண்ட திரும்பவும் மொதல்ல இருந்து தொடங்கும் ரீபா. இந்தத் தடவ நிக்காது. இவ்வளவு பேசுன பொறவு அவரு எந்திரிச்சுப் போயிருவாரு" என்றாள் மெதுவாக.

எனக்கும் அது தெரியும். கங்கைகொண்டானில் வேலைக்குப் போயிருக்கும் அக்கா காலையிலிருந்து எனக்கு வெறும் கேள்விக்குறிகளாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"தொறக்கலாம்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. ராத்தா திரையை விலக்கி உரக்கச் சொன்னாள். "ரீபா தொறக்கலாம்னு சொல்லுதா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நீ உள்ள போ" என்றார் மாமா. "ஜங்ஷன்ல கடை இருக்கு. எடுத்துட்டுப் போனா அவன் தொறந்துருவான்."

"பெட்டிய எடுத்துட்டா? எங்க போகும், யாரு கையில இருக்கும்? வீட்டு வாசல அது தாண்டப்படாது" என்றார் கனி அண்ணாச்சி.

நான் வெளியே வந்தேன். தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவது சிரமமாக இருந்ததால் கணினியைப் பார்த்துப் பேசினேன். கணினியைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வரும். கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த பழைய கணினிகளை மூன்று வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

"கடைக்குப் போக வேண்டாம். இங்கனயே தொறக்கலாம். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருங்க."

"பொண்ணு வீட்டுப் புள்ள தொறந்தா அது என்ன நியாயம்?" என்றார் கனி அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை. ஒரு சட்ட விஷயத்தைக் கேட்பதுபோல் கேட்டார்.

"மாப்பிள்ள வீட்டுல தெரிஞ்சவங்க இருந்தா வரச் சொல்லுங்க. நான் தள்ளிக்கிடுதேன்."

அவர் மீசையைத் தடவினார். "எங்க வீட்டுல உள்ளவனுக்குக் கைபேசிக்கு சார்ஜு போடத்தான் தெரியும். சரி, சொல்லு. எப்படித் தொறப்ப?"

முதலில் சாதாரணமானதைச் சரிபார்த்தேன். பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, எண் பலகையின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, கணினியை அணைத்துப் போட்டு, இன்னொரு தடவை இருவரையும் அடிக்கச் சொன்னேன். இருவரும் அடித்தார்கள். திறக்கவில்லை. கனி அண்ணாச்சி அடிக்கும்போது நடுவில் ஒரு கணம் விரல் நின்றதைக் கவனித்தேன். மாமா ஒரு எழுத்தை அடித்துவிட்டு அழித்ததையும் கவனித்தேன்.

"இந்தக் கடவுச்சொல் பத்திரிகை இருக்குற எடத்துல இல்ல. பத்திரிகை ஹார்ட் டிஸ்குங்குற வட்டுல இருக்கு. கடவுச்சொல் மதர்போர்டுல இருக்கு. ரெண்டும் வேற வேற. மதர்போர்டுல சின்னதா ஒரு பேட்டரி இருக்கும், நாணயம் மாதிரி. கணினிய அணைச்ச பொறவும் அதுதான் கடவுச்சொல்ல மறக்காம வச்சிருக்கு. அதக் கழட்டுனா அதுவும் மறந்துரும்."

"அதுவும்னா?" என்றார் கனி அண்ணாச்சி. "நான் மறக்கல."

"நானும் மறக்கல" என்றார் மாமா.

"கணினி மறந்துரும்" என்று திருத்திக்கொண்டேன். திரைக்குப் பின்னால் ராத்தா இருமினாள்.

"பத்திரிகை அழியாதுல்லா?" என்றார் கனி அண்ணாச்சி.

"அழியாது."

"சத்தியமா?"

"அழியாது" என்றேன் மறுபடியும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மின்சுவிட்சை அணைத்து, பின்னாலிருந்த எல்லா வயர்களையும் கழற்றினேன். தையல் மெஷின் பெட்டியிலிருந்து ராத்தா திருப்புளி எடுத்துக் கொடுத்தாள். கணினியைத் தரையில் பழைய போர்வையின்மேல் படுக்கவைத்து, பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டை நகர்த்தினேன். தூசி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. கனி அண்ணாச்சி தும்மினார். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, ஆபரேஷன் பார்ப்பதுபோல் குனிந்து உட்கார்ந்தார். மாமா எதிர்ப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உடம்பில் மின்னேற்றம் இருந்தால் போய்விடட்டும் என்று ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தேன்.

"அதென்ன, ஓதுதியா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, கரண்ட்."

பேட்டரி ஓர் ஓரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த சிறிய கொக்கியை நகத்தால் தள்ளியதும் துள்ளி எழுந்தது. எடுத்துக் கனி அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா? இதுக்கா நாங்க இந்தப் பாடு படுதோம்?"

கணினியின் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றேன். ராத்தா டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் எடுக்கவில்லை. ஒருவர் முன்னால் ஒருவர் சாப்பிடுவதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார்கள்.

கனி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ஒரு சந்தேகம். தொறந்த பொறவு அந்தச் சொல்லு உள்ள எங்கயாவது எழுதியிருக்குமா? யாரு பாதி சரி, யாரு பாதி தப்புன்னு அது காட்டுமா?"

மாமாவும் என்னைப் பார்த்தார்.

"காட்டாது. ரெண்டு பாதியும் சேந்து அழிஞ்சுரும். இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

கனி அண்ணாச்சி டீயை எடுத்தார். மாமாவும் எடுத்தார்.

"சீனி சரியா இருக்கு" என்றார் கனி அண்ணாச்சி.

"இங்கன எப்பவும் சரியா இருக்கும்" என்றார் மாமா.

பேட்டரியைத் திரும்ப வாங்கிப் பொருத்தினேன். தகட்டை மூடாமலே வயர்களை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. பூட்டு கேட்கவில்லை. அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன, தொடர ஒரு பொத்தானை அமுக்கு என்று திரை சொன்னது.

"அழிஞ்சிட்டுன்னு போட்டிருக்கே!" என்றார் மாமா.

"அது எதிர்பாத்ததுதான் மாமா. பூட்டு அழிஞ்சதச் சொல்லுது."

தொடர்ந்தேன். விண்டோஸ் சின்னம் வந்தது. ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். சின்னம் முழுதாக வருவதற்குள் திரை ஒரு நொடி நீலமாக மின்னிவிட்டுக் கறுத்தது. கணினி தானே அணைந்து மறுபடி தொடங்கியது. மறுபடியும் சின்னம். மறுபடியும் நீலம்.

கனி அண்ணாச்சி எழுந்துவிட்டார். டீ கிளாஸ் உருண்டது.

"சொன்னேன்லா? போயிட்டு. பொண்ணு வீட்டாளு கையில குடுத்தா இப்படித்தான் ஆகும். அழிச்சுட்டு, புதுசா அடிக்கணும்னு ஏற்கெனவே பேசி வச்சிட்டியளா?"

"யாரப் பாத்துப் பேசுதீரு? அவ சின்னப் புள்ள."

"சின்னப் புள்ளயா? பேட்டரியக் கழட்டுத கையப் பாத்தேன்லா."

"நீங்கதான அவளக் கழட்டச் சொன்னிய!"

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருவரும் நின்றுவிட்டார்கள். என் கண் திரையில் இருந்தது. ஒரே இடத்தில் வந்து விழுகிறது. வட்டு பழுதாகியிருந்தால் சின்னமே வந்திருக்காது. வட்டு இருக்கிறது, அதைப் படிக்கிற முறை மாறிவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் கடவுச்சொல் மட்டும் மறப்பதில்லை. கணினிக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த எல்லாமே மறந்துபோகும். வட்டுடன் எந்த முறையில் பேச வேண்டும் என்பதும் அதில் ஒன்று. இப்போது அது மிகப் பழைய முறையில் பேசிக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்கு அது புரியவில்லை.

"வட்டு நல்லா இருக்கு. ஒரு அமைப்ப மட்டும் மாத்தணும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

அமைப்புத் திரைக்குள் போனேன். வட்டு என்ற பகுதியில் நான் நினைத்தபடிதான் முறை மாறிக் கிடந்தது. பழைய முறையை மாற்றிப் புதியதை வைத்தேன். அப்படியே தேதியையும் பார்த்தேன். பல வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதி என்று காட்டியது. இதை விட்டால் மின்னஞ்சல் திறக்காது. தேதி இப்படிப் பின்னால் கிடந்தால் இணையதளங்களைக் கணினி நம்பாது.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டேன்.

"ரஜபு மாசம் இருபத்திரெண்டு" என்றார் கனி அண்ணாச்சி.

"இருபத்தி மூணு" என்றார் மாமா.

"எங்க ஊருல பிறை பாத்தது இருபத்திரெண்டு."

"எங்க ஊருல இருபத்தி மூணு."

நான் எழுந்து போய்ச் சுவர் காலண்டரைப் பார்த்தேன். ஜனவரி பன்னிரண்டு, திங்கள். வந்து அதைப் பதித்துச் சேமித்தேன். கணினி மறுபடி தொடங்கியது. சின்னம் வந்தது. நீலம் வரும் இடத்தைத் தாண்டியது. ராத்தாவின் பிள்ளைகள் மணிமுத்தாறு அருவியில் நனைந்துகொண்டு நிற்கும் படம் திரை முழுக்க விரிந்தது.

கனி அண்ணாச்சி குனிந்து கீழே கிடந்த டீ கிளாஸை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

ராத்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையைத் திறந்தாள். பச்சை ஓரம், நடுவில் பிறை, மேலே பிஸ்மில்லாஹ். எல்லாம் விட்ட இடத்தில் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். மாமாவின் விரல் இடப்பக்கத்துப் பத்தியில் மேலிருந்து கீழே இறங்கியது. கனி அண்ணாச்சியின் விரல் வலப்பக்கத்தில் இறங்கியது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"சரியா இருக்கு" என்றார் மாமா.

"சரியா இருக்கு" என்றார் கனி அண்ணாச்சி.

கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. "அப்பம் அனுப்பிருதேன்" என்று ராத்தா மின்னஞ்சலைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் கனி அண்ணாச்சி. குரலில் இப்போது தேன் இருந்தது. "தொறந்ததுதான் தொறந்துட்டோம். கடையத்துல எங்க மச்சான் ஒருத்தரு. அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கடைசியில, கடைசிலதான், ஒரு பேரு."

"அதுக்கென்ன" என்றார் மாமா உடனே. "எங்களுக்கும் ஒண்ணு இருக்கு. சின்னம்மா மருமகன். ஆனா கடைசியில போட முடியாது, அவரு ஹாஜியாரு."

"ஹாஜியாருன்னா எங்க மச்சான் என்ன சும்மாவா?"

ராத்தாவின் கை விசைப்பலகையின் மேல் அந்தரத்தில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அவளால் இருவரிடமும் முடியாது என்று சொல்ல முடியாது. நாளைக்கும் அவள் இந்தத் தெருவில் தொழில் செய்ய வேண்டும். நான் சொல்லலாம். நான் இந்த வீட்டு ஆளும் இல்லை, தொழில் செய்பவளும் இல்லை.

"ஒரு பேரும் சேக்க வேண்டாம்" என்றேன்.

"என்ன ரீபா?" என்றார் மாமா.

"பூட்டுதான் போச்சு. பேசி முடிச்சது அப்படியே இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னதத்தான் உள்ள வச்சுப் பூட்டுனிய. அதத்தான் நான் எடுத்துக் குடுத்தேன். அதுல கை வைக்கணும்னா என்னத் தொறக்கவே சொல்லியிருக்கக் கூடாது. இது ராத்தாகிட்ட நம்பி ஒப்படைச்ச அமானத்."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அமானத் என்ற சொல் அவர்களை நிறுத்தியது. கனி அண்ணாச்சி மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

"புள்ள சொல்லுதது சரிதான்" என்றார் கனி அண்ணாச்சி. "மச்சான நேர்ல போயிப் பாத்துக்கிடுதேன்."

"ஹாஜியார நானும் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றார் மாமா.

ராத்தா அனுப்பப் போனாள். அவள் பத்திரிகையை இணைப்பதற்குள் நான் ஒருமுறை முழுவதையும் படித்தேன். அடியில் இருந்த பெயர்களை அல்ல, மேலே இருந்ததை. ருக்சானா பேகம் என்று இருந்தது. மாப்பிள்ளை பெயர் இருந்தது. அதற்குக் கீழே நாள்.

"ராத்தா, நில்லுங்க. ஒண்ணு மாத்தணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்பதான ஒண்ணும் மாத்தக் கூடாதுன்ன?" என்றார் கனி அண்ணாச்சி. "என்னத்த மாத்தணும்? யாரு பேர?"

"பேரு இல்ல. பிப்ரவரி ஏழு, ஞாயிற்றுக்கிழமைன்னு போட்டிருக்கு. ஏழு சனிக்கிழமை. ஞாயிறு எட்டு."

தேதி வைப்பதற்காகக் காலண்டரைப் பார்த்த கண்ணுக்கு அது உடனே தட்டுப்பட்டது. இன்று பன்னிரண்டு, திங்கள் என்றால் நான்கு வாரம் கழித்துப் பிப்ரவரி ஒன்பதும் திங்கள்தான். ராத்தா எழுந்து ஓடிப்போய்த் தாளைப் புரட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"பிறைக் கணக்குல ஷஃபான் மாசம் இருபதா பத்தொன்பதான்னு நீங்க பேசினியல்லா? பத்தொன்பதுன்னு முடிவாகி ஒண்ணு கொறைக்கச் சொன்னிய. அந்தக் கையோட நான் இங்கிலீஷ் தேதியிலயும் ஒண்ணக் கொறைச்சிட்டேன் போலிருக்கு" என்றாள். "அதுக்குப் பொறவு எத்தன பேரு பாத்தாங்க! ரெண்டு ஊரும் பாத்துச்சே!"

"நாங்க எங்க தேதியப் பாத்தோம்?" என்றார் மாமா.

கனி அண்ணாச்சி கணினித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்த வரியைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "சனிக்கிழமை அந்த மண்டபத்துல யாரு கல்யாணம்?"

"யாரோ கோட்டாத்துக்காரங்கன்னு மண்டபத்துக்காரரு சொன்னாரு" என்றார் மாமா.

"அம்பையில இருந்து ரெண்டு வண்டி நெறைய எங்காளுக வந்து, எவன் கல்யாணத்துலயோ பிரியாணிய முடிச்சிட்டு, மாப்பிள்ளையக் காணலயேன்னு தேடிருப்பானுவ."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார். கனி அண்ணாச்சிக்கும் வந்துவிட்டது. அவர் சிரித்தால் வயிறு முழுக்கக் குலுங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மாத்தும்மா, மாத்து" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ராத்தா ஏழு என்பதை எட்டாக்கினாள். இருவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். மாமா படித்தார், கனி அண்ணாச்சி விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். இந்தத் தடவை மேலிருந்து தொடங்கினார்கள். பிறகு நானே பத்திரிகையை இணைத்து அனுப்பினேன். பூதத்தான் அண்ணாச்சி கூப்பிட்டார். "வந்துட்டு யம்மா. பிளேட் போடச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

கணினியின் பக்கத் தகட்டை மூடித் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது இருவரும் கிளம்பினார்கள். மாமா தன் பைக்கில் கனி அண்ணாச்சியை பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "பைய ஓட்டுவீரா வே?" என்று கனி அண்ணாச்சி கேட்டது தெருவிலிருந்து கேட்டது.

என் கைபேசி அதிர்ந்தது. அக்கா. அலுவலகத்தில் இருந்ததால் அடங்கிய குரலில் பேசினாள்.

"என்னாச்சுட்டி? தொறந்துச்சா?"

"தொறந்துட்டு அக்கா. அச்சுக்குப் போயிட்டு."

"பேரெல்லாம்?"

"ஒரு எழுத்து மாறல."

"சண்ட?"

"ரெண்டு பேரும் ஒரே பைக்குல போறாங்க."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "அப்பம் எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"கல்யாணம் மட்டும் ஒரு நாள் முன்னால இருந்துச்சு. அதத் தள்ளி வச்சிட்டேன்."

"என்னது?" என்று அவள் கத்தியதில், அலுவலகத்தில் யாரோ என்ன ஆயிற்று என்று கேட்பது எனக்கே கேட்டது.